கழுதை மேல் விழுந்த வரி

அச்சகத்தில் அவனைப் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாள்களுக்குப் பிழை திருத்துவது அவன் வேலை. ஒரு தசமப் புள்ளி விட்டுப்போனால் அரை மில்லி ஐந்து மில்லியாகிவிடும். பதினோரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் புள்ளிகளைத் தேடியதில் வாய் ஏறக்குறைய மூடிப்போயிருந்தது. "புள்ளிக்குக் காலையில வணக்கம் சொன்னா மத்தியானம் பதில் வரும்" என்பார் மெஷின்காரர்.

திரைப்படக் கழகத்தின் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், ஓர் இத்தாலியப் படத்தின் ஆங்கில வசனத் தாளைக் கொடுத்துத் தமிழ் சப்டைட்டில் செய்யக் கேட்டபோது புள்ளி உடனே தலையாட்டியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, படத்தில் பேச்சே குறைவு. காற்று அடிக்கும், மணி ஆடும், ஆட்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இன்னொன்று, ஒரு வரி. சாகப்போகும் தாயைக் கழுதைமேல் ஏற்றி மலைமேல் இருக்கும் மடத்துக்குக் கொண்டுபோகிறான் மகன். மடத்துக் கல்தரையில் அவள் காலிலிருக்கும் புண்ணை அவன் துடைக்கும்போது அவள் சொல்கிறாள்: "வலிக்குது. ஆனா நிறுத்தாதே. நான் இன்னும் இருக்கேன்னு இப்பதான் தெரியுது."

அந்த ஒரு வரிக்காக நாலு மாதம் உட்கார்ந்தான். யாராவது ஒருவர் அந்த இடத்தில் மூச்சை நிறுத்திப் பார்த்தால் போதும் என்று நினைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்து மாடி ஹாலில் படம். ஜன்னல்களில் கறுப்புத் துணி. முப்பது பிளாஸ்டிக் நாற்காலியில் இருபத்துமூன்று பேர். பக்கத்தில் அவன் மனைவி. அரசு மருத்துவமனையில் நர்ஸ், புண் கட்டுகிற பிரிவு. வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறையை அவனுக்காகக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் வைத்திருந்தாள். திரையில் 'தமிழில்' என்று போட்டு அவன் பெயர் வந்தபோது முழங்கையால் இடித்தாள்.

முதல் பாதியில் ஒரு குறையும் இல்லை. பாதிரியார் ஒருவர் பச்சை முட்டையைக் கையில் உடைத்து, வழிய வழிய நக்கினார். ஒருவன் தன் முகத்தில் சேற்றைப் பூசிக்கொண்டு ஏழு நிமிடம் அழுதான். பின்வரிசையில் யாருக்கோ குமட்டியது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் மடத்துச் சமையல்கட்டு வந்தது. தடித்த சமையல்காரத் துறவி மீனைக் கீறிக் குடலை உருவினார். வாய் அசைந்தது. எழுத்து வரவில்லை.

புள்ளி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

வேலை செய்ய அவனிடம் கொடுத்திருந்த படப் பிரதியில் நடுவே நாலு நிமிடம் வெறும் இசையோடு ஓர் இடைவேளை அட்டை ஓடும். கழகத்துக்கு வந்த பிரதியில் அதை வெட்டிவிட்டார்கள் என்று பேராசிரியர் ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தார். அவன் வரிகளின் நேரக் கணக்கை மாற்ற மறந்துபோனான்; இனி ஒவ்வொரு வரியும் நாலு நிமிடம் பிந்தித்தான் வரும். கடைசியாக ஆறு முறை சரிபார்த்தான், தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு. ஒற்று, காற்புள்ளி, ஒன்றுகூடத் தப்பவில்லை. படத்தோடு ஓட்டிப் பார்க்க மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. பிழை என்றால் அது தாளில்தான் இருக்கும் என்று பழகிய கண்.

திரையில் மகன் தாயின் காலை மடியில் எடுத்து வைத்தான். புண்ணைச் சுற்றி ஈ. துணியை நனைத்தான். தாயின் உதடு அசைந்தது. கீழே வெள்ளை எழுத்தில் சமையல்காரர் பேசினார்: "குடலை நல்லா எடுத்துட்டியா? உப்பு போடு. இன்னும் போடு."

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சிரிப்பாக இருக்கும் என்று பயந்தான். சிரிப்பு இல்லை.

நாலு நிமிடம் கழித்து மடத்து வாசல். கழுதை நிற்கிறது. கேமரா நகராமல் நிற்கிறது. கழுதை மூத்திரம் பெய்தது. அரை நிமிடம், நுரைக்க நுரைக்க, கல் இடுக்குகளில் ஓட ஓடப் பெய்தது. அதன்மேல் அவனுடைய நாலு மாதம் மெதுவாக வந்து உட்கார்ந்தது: "வலிக்குது. ஆனா நிறுத்தாதே. நான் இன்னும் இருக்கேன்னு இப்பதான் தெரியுது."

விளக்கு போட்டதும் நாற்காலிகளை வட்டமாக இழுத்தார்கள். கழகத்தின் வழக்கம் அது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச வேண்டும்.

பல் டாக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. "புண்ணைக் காட்டுறான், உப்பு போடுங்கறான். ஐயோ, இருபது வருஷமா படம் பாக்கறேன், இப்படி ஒரு படிமம் பாத்ததில்ல சார்."

"அந்தக் கழுதை!" என்றார் பேராசிரியர். "அது வெறும் கழுதையா? உடம்போட கழிவுதான் ஆன்மாவோட முதல் வார்த்தைங்கறான். 'நிறுத்தாதே'ங்கறப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு."

"வாய் மூடியிருக்கும்போது வார்த்தை வருது பாருங்க," என்றார் இன்னொருவர். "மௌனம்தான் பேசுது. ரொம்பத் துணிச்சலான மொழிபெயர்ப்பு."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் அவன் தொடையைத் தட்டினார். "அடுத்த மூணு படமும் இவர்தான் பண்றார். நான் முடிவு பண்ணிட்டேன்."

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தத் தட்டல் அவனுக்கு இதமாக இருந்தது. பதினோரு வருடத்தில் யாரும் அவனைத் தட்டிக்கொடுத்ததில்லை. பிழை இல்லாத தாளை யார் கவனிக்கிறார்கள்?

முறை அவன் மனைவிக்கு வந்தது.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க," என்றாள். "ஆனா பாதிக்கு மேல எழுத்து லேட்டா வருது. மீன் சுத்தம் பண்றவர் பேசினது அந்தப் பெரியம்மா கால்ல வருது. பெரியம்மா பேசினது கழுதைக்கு வருது. மெஷின்ல ஏதோ கோளாறு போல."

வட்டத்தில் நாலைந்து புன்னகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அதுதாம்மா குறியீடு," என்றார் பேராசிரியர், குழந்தைக்கு மாத்திரை கொடுக்கிற குரலில்.

"குறியீடு இல்லைங்க, கோளாறு. வலிக்குதுன்னு முகம் சொல்லுது, கீழ உப்புன்னு வருது." அவள் திரும்பினாள். "ஏங்க, நீங்களே சொல்லுங்க."

புள்ளி தரையைப் பார்த்தான். ஓர் எறும்பு நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு போனது. வாயைத் திறந்தால் போதும், நாலே வார்த்தை. அவன் எறும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அவர் என்ன சொல்வார் பாவம், வீட்டுக்குப் போகணுமே," என்றார் பல் டாக்டர். "சும்மாவா சொன்னாங்க, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு. அட, படத்துல வந்த கழுதையைச் சொன்னேம்மா!"

ஹாலே சிரித்தது.

"கற்பூரம் எனக்குத் தெரியாது டாக்டர்," என்றாள் அவள். "மூத்திர வாசனை தெரியும். தினமும் எடுத்துக் கொட்றவ நான்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் புள்ளி கவனித்தான், தன் உதடும் விரிந்திருந்தது. அவர்களோடு சேர்ந்து, அவளைப் பார்த்து. வாய்க்குள் ஏதோ செத்துக் கிடப்பதுபோல ஒரு கசப்பு ஏறியது.

எழுந்து நின்றான். "அவ சொன்னது சரி. நாலு நிமிஷம் தள்ளிப் போச்சு. இடைவேளையைக் கழிக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது."

மௌனம் எப்போதுமே அவனுக்குப் பிடித்த இடம். அன்று அது எச்சில் தட்டுபோல நடுவில் கிடந்தது.

பேராசிரியர்தான் முதலில் கைதட்டினார். "பாத்தீங்களா? மனைவிக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கறார்!"

"இல்ல சார். நிஜமாவே தப்பு."

"இருக்கட்டுமே. படைச்சவனுக்கே தெரியாம வந்து விழறதுக்குப் பேர்தான் அருள். இதைத் திருத்திடாதீங்க. அடுத்த மாசம் கலை விழாவுக்கு இதே ஃபைலை அனுப்பறோம்."

"டைட்டில் நான் தரேன்," என்றார் பல் டாக்டர். "'புண்ணில் உப்பு'ன்னு ஒரு கட்டுரை எழுதறேன்."

ஒருவர் முகத்திலும் கூச்சம் இல்லை. பொய் சொல்கிறவர்கள்கூட இல்லை அவர்கள். சிலிர்த்தது நிஜமாகவே சிலிர்த்திருந்தது. அதுதான் அவனுக்குக் குமட்டியது. காலை ஒன்பது மணிக்கே கண்ணீரைத் தயாராக எடுத்துக்கொண்டு படியேறி வந்திருக்கிறார்கள். கழுதை மேல் கொட்டினால் என்ன, கட்டாந்தரையில் கொட்டினால் என்ன?

அவன் போய் மடிக்கணினியிலிருந்து பென் டிரைவை உருவினான்.

"அது கழகத்துக்குக் குடுத்தது," என்றார் பேராசிரியர். குரலில் இப்போது அருள் இல்லை.

"தப்பான தாளை நான் வெளிய விடறதில்ல சார்."

"அப்ப அந்த மூணு படம்?"

"வேற ஆளப் பாருங்க."

திரும்பியபோது மனைவியின் நாற்காலி காலி. படியில் பாதி இறங்கியிருந்தாள். தெருவுக்கு வந்து நெடுந்தூரம் நடந்தபிறகுதான் கேட்டாள்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மீன் வந்தப்பவே."

"அப்ப, நான் கேக்கறப்போ தெரியும்."

"தெரியும்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவே அவள் கைப்பையை வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கணினியைத் திறந்து, தன் பிரதியில் அந்தக் காட்சியைப் போட்டான். "ஒரு தடவை பாரு. சரியா வர்றதைப் பாரு," என்றான். கெஞ்சுவதுபோல வந்தது குரல். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றபடி பார்த்தாள்.

மகன் துணியை நனைத்தான். துடைத்தான். தாயின் உதடு அசைந்தது. எழுத்து அந்தந்த அசைவுக்கு அந்தந்த நேரத்தில் வந்தது, ஒரு கால் நொடி பிசகாமல். வலிக்குது. ஆனா நிறுத்தாதே. அவன் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஓரத்து அழுக்கையெல்லாம் புண்ணுக்குள்ள தள்றான்," என்றாள். "அழுக்குத் துணி வேற. ரெண்டு நாள்ல கால் போயிடும்."

"வசனம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவனுக்காகத்தான் யோசித்தாள், அது தெரிந்தது.

"பதினாலு வருஷமாப் புண்ணு கட்டறேன். நிறுத்தாதேன்னு ஒருத்தரும் சொன்னதில்லைங்க. நிறுத்துன்னுதான் கத்துவாங்க. சில பேர் கத்தக்கூட மாட்டாங்க. பக்கத்துல நிக்கற சொந்தக்காரங்க முகத்தைப் பாப்பாங்க, இவங்களாவது சொல்ல மாட்டாங்களான்னு."

கைப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். வார்டிலிருந்து வருகிற நாட்களில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவாள். அன்று வார்டு கிடையாது. ஆனாலும் கழுவினாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் அந்த மகன் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் புள்ளிக்கு அருவருப்பாக இருந்தது.