ரோல் தராசில் ஏறிய கார்

"இடது பக்கம் திருப்பினா பசு மாதிரி போகுது பாய். வலது பக்கம் திருப்பினாத்தான் பேய் பிடிக்குது" என்றான் முனீஸ். காரை விட்டு இறங்கவில்லை; ஹெல்மெட்டையும் இன்னும் கழற்றவில்லை.

"பேய் வந்து நின்ன இடத்தைப் பாத்தியா? எல்லைக் கல்லுக்கும் உன்ற முட்டிக்கும் ஒரு சாண்."

"ஒன்றரை இருக்கும்."

"நீயே கேளு தங்கச்சி" என்று அக்பர் அனுசுயாவிடம் திரும்பினான். "உன்ற ஊட்டுக்காரன் அரைச் சாணுக்கு வழக்குப் பேசறான்."

அனுசுயா சாப்பாட்டுப் போசியைக் கீழே வைத்துவிட்டு, கல்லுக்கும் காருக்கும் நடுவே சாண் போட்டுப் பார்த்தாள். 

பெருமாநல்லூரைத் தாண்டி, தார்ச்சாலை போட்டு எல்லைக் கல்லும் நட்டு, வீடு ஒன்றுகூட எழும்பாமல் கிடக்கும் மனைப்பிரிவு அது. காவல்காரர் சென்னியப்பன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இவர்களுக்காகச் சங்கிலியை அவிழ்த்துவிடுவார். வளைவில் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி நின்ற காரை அவர் மெதுவாகச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க தம்பி, திரும்பி நிக்குதுங்களே. ஏதாச்சும் மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா?"



கார் அவர்களே கட்டியது. சட்டமும் ஃபைபர் உடம்பும் வரைபடமும் புனேயிலிருந்து பார்சல் லாரியில் வந்தவை. இன்ஜின், விபத்தில் நொறுங்கிய ஒரு சின்னக் காருடையது. இரண்டு இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் அதை உட்கார வைத்திருந்தார்கள். அருள்புரத்தில் அக்பரின் பனியன் வேஸ்ட் குடோனில், துணி மூட்டைகளுக்கு நடுவே, இரண்டு வருடம் நடந்த வேலை. அக்பர் பாதிப் பணம், முழு இடம். நிட்டிங் மெஷின் ஃபிட்டரான முனீஸ் மிச்சம் எல்லாம். கோயமுத்தூரில் அடுத்த மாதம் நடக்கும் கார்ப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தாயிற்று.

"இங்க பாரு மாப்ள" என்றான் அக்பர். "அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை. அன்னிக்கும் சுத்துச்சுன்னா, திங்கக்கிழமை கேஸ் கட்டர்காரனை வரச் சொல்லி வெட்டிப் போட்டுருவேன். உனக்குச் சவப்பெட்டி செய்யறதுக்கு நான் குடோன் குடுக்கலை."

"சரி பாய்."

எதிர்ப்பேச்சு இல்லாமல் வந்த அந்தச் 'சரி'தான் அனுசுயாவைக் கலக்கியது. உசிலம்பட்டியிலிருந்து இந்தப் பனியன் ஊருக்கு வந்த ஆறு வருடத்தில் முனீஸ் நான்கு கம்பெனி மாறியவன். எந்த இடத்திலும் சூப்பர்வைசர் ஒரு சொல் சொன்னால் ஸ்பேனரை வைத்துவிட்டு வெளியே நடப்பான். இரண்டு வருடமாகத்தான் ஒரே கம்பெனி, ஒரே வீடு, ஒரே தெரு. காரை அவளுக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அது அவனைப் பிடித்து வைத்திருந்தது. அதை வெட்டிப் போட்டால் அவன் அடுத்த வாரமே பெட்டியைக் கட்டுவான். இந்த முறை எந்த ஊரோ.

திங்கள், செவ்வாய், புதன். வேலை முடிந்ததும் குடோனுக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வருவான். நின்றுகொண்டே சாப்பிடுவான்.

"உக்காந்து தின்னா என்ன மாமா?"

"பின்னாடி ரெண்டு டயர்லயும் காத்தைக் குறைச்சுப் பாத்தேன். வெல்டிங்கைத் தட்டிப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு பிள்ள."

"அப்ப ஏன் சுத்துது?"

"துணி ரோலை நடுவுல தாங்கித் தோள்ல வச்சா சட்டுனு திரும்பலாம்ல? அந்த மாதிரிதான் இது. வெயிட்டு நடுவுல. நினைச்ச உடனே திரும்பும். சுத்த ஆரம்பிச்சாலும் அந்த வேகந்தான்." தட்டை ஸ்டியரிங்போலப் பிடித்து வலது பக்கம் திருப்பினான். ரசம் கையில் வழிந்தது. "ஆனா ஒரு பக்கம் மட்டும் ஏன்? என் கைதான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கு."

வியாழக்கிழமை, அனுசுயா வேலை பார்க்கும் கம்பெனியின் டிஸ்பேட்ச் பிரிவில் டிராலிச் சக்கரம் கழன்றுவிட்டது. லோடுமேன்கள் ரோலைத் தோளில் கொண்டுவந்து வெறும் தராசில் போட்டார்கள். அவள் எடை படித்தாள். ஆறு கிலோ.

"என்ன விளையாடுறீங்களா? ரோல் இருபத்தஞ்சுக்கு வரணும்."

அடுத்த ரோலும் ஆறு.

"டிராலி எடையை அதுல கழிச்சு வச்சிருக்குல்லக்கா" என்றாள் பக்கத்து மேசை அனிதா. "பத்தொம்பது கிலோ. டிராலி இல்லாம வச்சா அவ்வளவும் குறைச்சுத்தானே காட்டும்?"

அனுசுயாவின் கை பேனாவோடு அப்படியே நின்றது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. பாரம் சக்கரங்களில் சமமாக இறங்குகிறதா என்று பார்க்க, காரின் நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் எடை போட வேண்டும் என்று முனீஸ் அலைந்தான். துணி ரோல் நிறுக்கும் தராசு முந்நூறு கிலோ தாங்குமே என்று யோசனை சொன்னவளே அவள்தான். மூன்று தராசு அங்கங்கே இரவல் கிடைத்தது. நான்காவது, மேனேஜரிடம் கெஞ்சி அவள் கொண்டுவந்த இதே தராசு. பின்னால் இடது சக்கரத்துக்கு அதைப் போட்டார்கள்.

"வெறும் தராசுக்கு இது என்ன மைனஸ் காட்டுது?" என்று அவன் கேட்டான்.

"அது எப்பவும் அப்படித்தான் மாமா. லோடு ஏத்துனா சரியாயிரும்."

ஐந்து வருடமாகக் காலையில் முதலில் பார்ப்பது அந்த மைனஸைத்தான். யோசித்தா சொன்னாள்? வாய் தானாகச் சொன்னது. அவன் போய் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். அவளும் அக்பரும் எடை படித்துச் சொன்னார்கள். பின்னால் இடது பக்கம் குறைகிறது என்று அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை முறுக்கி ஏற்றினான். அதில் முன்னால் வலது பக்கம் கூடிப்போனதற்கு, "டிரைவர் உக்கார்ற பக்கம், கூடத்தான் செய்யும்" என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

அன்று மாலை வேலை முடிந்து மணி அடித்ததும் அவள் ஓடிப்போய் டவுன் பஸ்ஸில் ஏறினாள். இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். எப்படி ஆரம்பிப்பது? எல்லைக் கல் கண்ணுக்குள் வந்து வந்து போனது. நாலு நாளாக அவன் தன் கையைத் திட்டிக்கொண்டிருக்கிறான். தப்பு இவள் வாயில் இருந்தது.

குடோனில் அவன் காருக்கு அடியில் கிடந்தான். கால் மட்டும் தெரிந்தது.

"மாமா, அந்தத் தராசு."

"எந்தத் தராசு?"

டிராலி எடை கழித்த கதையைச் சொன்னாள். அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அக்பரும் போனை இறக்கினான்.

"மைனஸ் காட்டுதேன்னு நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"எப்பவும் அப்படித்தான்னு சொன்னேன்."

"நானும் சரின்னுட்டேன்." அவன் வெளியே ஊர்ந்து வந்து உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் கிரீஸ். "பின்னாடி இடது டயர்ல ஏற்கெனவே பாரத்தைக் கூட்டிட்டேன்; வலது பக்கம் திரும்பறப்ப மிச்சப் பாரமும் அது மேலயே சாய, வழுக்கிருக்கு. மெஷின்ல ஒரு ஊசி விட்டாக்கூடக் கண்டுபிடிக்கிறவன் பாய் நான். பொண்டாட்டி சொன்னதை மட்டும் செக் பண்ணலை."

"அதெல்லாம் யாருமே பண்றதில்லை மாப்ள" என்றான் அக்பர்.

"திட்டு மாமா. திட்டிரு."

"திட்ட நேரமில்லை பிள்ள. அந்த ஸ்பேனரை எடு."

சனிக்கிழமை தராசுகள் மறுபடி வந்தன. நான்கும் பூஜ்யம் காட்டுகிறதா என்று அனுசுயா இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தாள். போதாதென்று, நான்கிலும் தானே ஏறி நின்று பார்த்தாள். ஸ்பிரிங் முறுக்கு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஹெல்மெட்டோடு வந்து நின்றாள்.

"நானும் ஏறுறேன்."

"நீ ஏறினா இடது பக்கம் வெயிட் கூடும். போட்ட கணக்கு மாறிப்போகும். மொதல்ல நான் தனியாப் போயிட்டு வர்றேன்."

"திரும்பறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து காலை வெடுக்குனு எடுத்துராத."

"எடுத்தா?"

"வால் முன்னாடி வந்துரும்னு நீதான சொன்ன, நாலு நாளா, சோத்துத் தட்டை வச்சுக்கிட்டு."

கார் கிளம்பியது. அக்பர் கையில் போன்; கட்டர்காரன் நம்பரைத் திரையிலேயே வைத்திருந்தான். கார் நேர் சாலையில் வேகம் பிடித்து, வலது வளைவுக்குள் நுழைந்தது. வால் வெளியே நகர்ந்தது. ஒரு முழம். அனுசுயா வலது காலைத் தரையில் அழுத்தினாள், அங்கே பிரேக் இருப்பதுபோல. வால் நின்றது, நேரானது, கார் கல்லைக் கடந்து போய்விட்டது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இடது வளைவில் வந்தபோதும் அதே ஒரு முழம் நகர்ந்து, அதே மாதிரி நேரானது.

"இன்னும் வழுக்குதேடா" என்றான் அக்பர், வண்டி வந்து நின்றதும்.

"வழுக்கட்டும் பாய். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வழுக்குது. சொல்லிட்டு வழுக்குது. சொல்லிட்டுச் செஞ்சா நான் சமாளிச்சுக்குவேன்."

அக்பர் பின் டயரைக் காலால் ஒரு தட்டு தட்டினான். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டான். "கோயமுத்தூர்ல எத்தனை வளைவு சொன்ன?"

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு எதையும் மறக்கலீங்களா தம்பி?"

"மறந்துட்டேன் சாமி. இவளை." முனீஸ் இடது கதவைத் தட்டினான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க அவனுக்குப் பொறுமை இல்லை. "ஏறு பிள்ள. நீ எத்தனை கிலோன்னு சொல்லிட்டு ஏறு."

"டிராலியோடவா, டிராலி இல்லாமலா?" என்று கேட்டபடி அவள் ஏறினாள். பெல்ட்டை மாட்டி முடிக்கும் முன்பே வலது வளைவு எதிரே வந்துகொண்டிருந்தது. அவள் கால் மறுபடி தரையை அழுத்தத் தொடங்கியது.