மாதம்மாளின் ஏழு கொண்டை ஊசி வளைவுகள்

1

இந்தக் கதை ஓர் எக்ஸ்ரே படத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படம் என்னுடையதுகூட இல்லை, மாதம்மாளுடையது. நான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நாற்பது லட்சம் முறை ஏறி இறங்கியவன். (கணக்குப் போட்டால் அவ்வளவு வராது. போடாதீர்கள்.)

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"சேர்வராயன் மலை முகட்டில் செங்கதிரோன் தன் பொற்கரங்களை—" வேண்டாம். இரண்டு வாரமாக இங்கே வெயிலே இல்லை.

"மாதம்மாளின் முட்டியில் எழுந்த சத்தம் ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கு வரை கேட்டது. டீக்கடையில் ஒன்பது கண்ணாடிக் கிளாஸ்கள்—" இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவரிடமே படித்துக் காட்டினேன்.

"ஏனுங்க டிரைவரே, எம்முட்டி என்ன பாறைக்கு வெக்கிற வெடியா?"

"கொஞ்சம் கூட்டிச் சொன்னேனுங்க."

"ஒம்போது கிளாசு கொஞ்சமா? கடைக்காரரு படிச்சா எங்கிட்டல்ல வந்து கேப்பாரு. அடிங்க அதை."

அடித்துவிட்டேன். நீங்கள் படித்துவிட்டதால் பயனில்லை.

2

இனி உள்ளது. மாதம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. மலைமேல் தலைச்சோலையில் என் வீட்டுக்கு அடுத்த வீடு, வீட்டுக்குக் கீழே செங்குத்தான சரிவில் முக்கால் ஏக்கர் காப்பித் தோட்டம். பத்து வருடமாகத் தனியாளாகப் பார்த்துவருகிறார். போன ஆடியில், தோட்டத்துக்கு இறங்கும்போது முட்டி மடங்கி உருண்டுவிட்டார். சேலத்தில் வேலை பார்க்கும் மகன் சக்தி முடிவாகச் சொன்னான்: மார்கழிப் பறிப்புக்கு அம்மா தன் காலாலேயே தோட்டத்தின் அடிவரை இறங்க வேண்டும். முடியாவிட்டால் தோட்டம் குத்தகைக்குப் போகும், அம்மா சேலத்துக்கு வர வேண்டும்.

"அவன் ஊடு மூணாவது மாடிங்க. சன்னல்ல உக்காந்து போற வர்ற லாரிய எண்ணச் சொல்றான்."

(சக்திக்கு முறுக்கு மீசை வைத்து, வில்லனாக்கி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். அம்மா உருண்ட அன்று அவன் அழுததை நான் பார்த்தேன். மீசையும் கிடையாது.)

3

புரட்டாசியில் சேலத்து ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனேன். என் இடது முட்டியும் காலமெல்லாம் கிளச் மிதித்த முட்டி, அதையும் காட்டலாம் என்று ஓர் ஆசை. [யாரும் பார்க்கவில்லை. கதை அதைப் பற்றியதும் அல்ல.]

டாக்டர் கேட்டார். "நடந்தா வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"ஏறுனா?"

"மேட்டுல நல்லா ஏறுவேனுங்க."

வராந்தாவில் நடக்கச் சொன்னார். சமதரை. மாதம்மாள் ராணி மாதிரி போய்த் திரும்பினார். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வயதுக்கு ஏற்ற முட்டிதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எறங்கும்போது உயிர் போகுதுன்னு ஏனுங்க சொல்லலை?"

"அவரு கேக்கலீங்களே. எறக்கமெல்லாம் ஒரு வேலைங்களா? அது சும்மா வர்றது."

மலைக்காரர்களின் கணக்கு இது. ஏற்றம்தான் உழைப்பு, இறக்கம் ஓய்வு. ஓய்வெடுக்கும்போது வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

லிப்டில் கூட்டம். படிக்கட்டுக்குப் போனோம். மாதம்மாள் திரும்பி நின்று, கம்பியைப் பிடித்து, ஏணியில் இறங்குவதுபோலப் பின்புறமாக இறங்கினார். எதிரே ஏறி வந்த பிசியோதெரபிஸ்ட் கீர்த்தனா நின்றுவிட்டார்.

"ஏம்மா திரும்பி நின்னு எறங்கறீங்க?"

"முன்னப் பாத்து எறங்குனா முட்டிச் சில்லுக்குப் பின்னால ஊசி குத்துது கண்ணு."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு ரூம்புல படிக்கட்டு இல்லியே."

கீர்த்தனா கையோடு திரும்ப அழைத்துப்போனார். இந்த முறை டாக்டர் ஒரு சின்னப் படியிலிருந்து மெதுவாக இறங்கச் சொன்னார், சில்லை அழுத்திப் பார்த்தார், தொடைகளை அளந்தார். வலது தொடை இளைத்திருந்தது. முட்டியை மடக்கவைத்து வேறு கோணத்தில் இன்னொரு எக்ஸ்ரே. கதை பிறந்தது இதில்தான்.

சில்லு என்பது தொடையெலும்பின் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடும் சின்ன எலும்பு. இறங்கும்போதும் குந்தும்போதும் அதன்மேல் பாரம் கூடும். மாதம்மாளின் சில்லு பள்ளத்தில் வெளிப்பக்கமாக ஒதுங்கி ஓடியிருக்கிறது, அந்தப் பக்கக் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. முன் டயர் ஒரு பக்கமாகவே தேய்ந்தால் சக்கரம் கோணலாக ஓடுகிறது என்று எந்த டிரைவருக்கும் தெரியும். டாக்டருக்கு நானே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

4

"தேஞ்சது திரும்ப வளராதும்மா," என்றார் டாக்டர். "ஆனா தொடைச் சதை பலமாச்சுன்னா வலி நல்லாவே கொறையும். ஆபரேசனுக்கு இப்ப அவசியமில்லை."

கீர்த்தனா பன்னிரண்டு வாரத்துக்குப் பயிற்சி கொடுத்தார். படுத்துக் காலை நீட்டித் தூக்குவது, சுவரில் சாய்ந்து பாதிவரை சரிவது, தாழ்ந்த படியிலிருந்து ஒற்றைக் காலால் மெதுவாக இறங்குவது. களை எடுக்கக் குந்தக் கூடாது, முக்காலி போட்டு உட்கார வேண்டும்.

இருபதே நாளில் மாதம்மாள் மானைப்போலத் துள்ளி—

இல்லை. நான்காவது வாரம் அழுதார். ஆறாவது வாரம், "வேண்டாஞ் சாமி" என்று போர்வையை இழுத்துப் படுத்துவிட்டார். கீர்த்தனா போனில் சொன்னார்: "வலி மறுநாளும் இருந்தா எண்ணிக்கையக் கொறைங்க. நிறுத்திடாதீங்க. ஆமா, உங்க தோட்டத்துப் பாதை எப்படி இருக்கும்?"

"நேரா வுழுகும் கண்ணு. மூட்டை தூக்கறவங்களுக்குச் சீக்கிரம்ல."

"ஏற்காட்டு பஸ் அப்படித்தான் எறங்குதா?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டதும் துள்ளி எழுந்தேன். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைக் கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்!

மறுநாள் சரிவில் சுண்ணாம்புத் தூளால் ஏழு கொண்டை ஊசி வளைவுகள் போட்டேன். (எழுபது போடத்தான் எண்ணம். இடமில்லை.) மாதம்மாள் பாதைக்கு மண்கரையை வெட்டச் சொல்லிக் கொடுக்க, நான் வெட்டினேன். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியதை மட்டும் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார்.

5

இன்று மார்கழி, பறிப்பின் முதல் நாள். சக்தி முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். மாதம்மாள் இடுப்பில் கூடையைக் கட்டி, கையில் கோல் எடுத்தார்.

"அம்மா, கையப் புடிச்சுக்கறேன்."

"புடிச்சா அது உங்காலுல எறங்குன மாதிரிடா சாமி. நில்லு இங்கயே."

முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதில் நின்று மூச்சு வாங்கினார். சக்தியும் நானும் மூச்சே வாங்கவில்லை. பிறகு கீழிருந்து மூடுபனி ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

முடிவு ஒன்று: ஏழாவது வளைவில் காப்பிச் செடிகள் வரிசையாக நின்று மாலை போட்டு—

முடிவு இரண்டு: நான்காவது வளைவில் முட்டி—

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "சக்தீ! பழம் நொம்பச் செவந்து கெடக்குது. இன்னொரு கூடை எடுத்துட்டு வா!"

செடிகள் மூன்றாவது வளைவிலிருந்தே ஆரம்பிக்கின்றன, பழம் பார்க்க அடிவரை போக வேண்டியதில்லை.

"எத்தனாவது வளைவும்மா?"

"வந்து பாருடா!"

"டிரைவரே, சத்தம் எங்கிருந்துங்க வந்துச்சு?" சக்தி என் பக்கம் திரும்பினான்.

அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு வளைவு வளைவாக இறங்குகிறான். முதல் பலகையைத் தாண்டிவிட்டான். என்னிடம் பேனா இருந்தால் அது தானாக ஏழு என்று எழுதிவிடும், அதனால் மூடுகிறேன். நீங்கள் காது கொடுத்துக் கேட்டீர்கள் அல்லவா? எண்ணை நீங்கள் சொல்லுங்கள்.