உறியடிக்கு ஏன் ஹெல்மெட் இல்லை

என் தம்பி யுகேந்திரனின் கல்யாணம் ஒரு ஹெல்மெட்டில் போய் மாட்டிக்கொண்டது. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

என் பேர் பாப்பா. ஐம்பத்திரண்டு வயதாகியும் அதே பேர்தான். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பதினான்கு பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற தொண்டை எனக்கு. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் நான்தான். இப்போது அவனுக்கு முப்பத்தாறு. சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கல்குவாரியில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் இல்லாமல் கால் வைத்தால் மேனேஜரையே திருப்பி அனுப்புகிறவன். ஒரு தடவை லகாட்டுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "உங்க மாடிப்படிக் கைப்பிடி ஆடுது, யாராச்சும் விழுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்தச் சம்பந்தம் அந்தப் படியோடு நின்றது.

பிறகுதான் அனுஜா வந்தாள். ஈப்போவில் பல் டாக்டர். இவனுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவள். அதற்கப்புறம் வலிக்காத பல்லைக் காட்ட இரண்டு தடவை போயிருக்கிறான், கள்ளன். அவளுக்கும் பிடித்துப் போயிற்று. தடை ஒன்றே ஒன்றுதான், அவள் அப்பா சிவானந்தன். யாழ்ப்பாணத்து வம்சம். முப்பத்தைந்து வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "நீங்க தோட்டத்து ஆளுங்கன்றது அப்பாவுக்கு ஒரு விஷயமே இல்லக்கா. காரணம் தெரியாம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாரு, அவ்வளவுதான்" என்று அனுஜா சொன்னாள். நான் நம்பவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திடலில் விளையாட்டு விழா. ரப்பர் பால் எடுத்த கித்தா மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆட்களும் டவுனுக்குப் போய்விட்டோம். ஆனாலும் அன்றைக்கு மட்டும் அத்தனை குடும்பமும் கார்களில் வந்து இறங்கிவிடும். சிவானந்தனையும் அவர் மனைவி சாரதாதேவியையும் அனுஜா அங்கேதான் அழைத்து வந்தாள். மாப்பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பதைவிட, நாலு பேர் நடுவில் பார்க்கட்டும் என்பது அவள் யோசனை. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்கிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

காலையில் பெரியவர்களுக்கும் மத்தியானம் பிள்ளைகளுக்கும் செம்பனைக்குள் எட்டுக் கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம். புறப்படுகிற இடத்தில் என் தம்பி, தலையில் ஹெல்மெட்டோடு காவல் தெய்வம் மாதிரி நின்றான். வெறும் தொப்பியோடு வந்த அவன் சிநேகிதன் விக்னேஸ்வரனையே ஒதுங்கச் சொல்லிவிட்டான். சிவானந்தன் அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"தம்பி, சைக்கிளுக்கு ஏன் ஹெல்மெட்?"

"விழுந்தா தலையில அடிபடும் ஐயா."

"ஓம். பின்னேரம் என்ன விளையாட்டு?"

"வழுக்குமரம், உறியடி."

"உறியடியில ஒருத்தன்ர கண்ணைக் கட்டி, கையில கம்பையும் குடுத்து, சுத்தி நூறு பேரை நிப்பாட்டுவியள். அதுக்கு ஹெல்மெட் இல்லையோ?"

தம்பி தன் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தான். "அது வந்து... எப்பவும் போடுறதில்ல ஐயா."

"வழுக்குமரத்துக்கு?"

"கீழ மணல் கொட்டியிருக்கோம்."

"என்ர அண்ணர் குளியலறையில வழுக்கி விழுந்துதான் தலை உடைஞ்சவர். குளிக்கேக்க ஹெல்மெட் போடச் சொல்லுவீரோ?"

"விடுங்கோவன், அந்தப் பிள்ளையை" என்றார் சாரதாதேவி.

"நான் சண்டைக்குக் கேக்கேல்லை. ஒண்டுக்கு வேணும், இன்னொண்டுக்கு வேண்டாம் எண்டா நடுவில ஒரு காரணம் இருக்கவேணும். என்ர மகளைக் கட்டப் போறவர் காரணத்தோட நடக்கிறவரோ எண்டு நான் பாக்க வேண்டாமோ? பின்னேரத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"குவாரியில வாய் கிழியப் பேசுறவன்தானே நீ? இங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவரு கேக்குறது நியாயம்தானக்கா."

"நியாயமா இருந்தா பதிலைச் சொல்லு லா."

"தெரிஞ்சாதானே சொல்ல முடியும்" என்றவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். கடைசியாக வருகிறவர்களைப் பத்திரமாகக் கூட்டிவருவது அவன் வேலை.

நான் விடவில்லை. அவனுக்குப் பதிலாக நானே ஒரு பதிலைத் தேடித் திடல் முழுக்கச் சுற்றினேன். சைக்கிள் வேகமாகப் போகிறது, அதனால்தான் என்றான் விக்னேஸ்வரன். அப்படியென்றால் வேகமாக வருகிற பந்தைத் தலையால் முட்டுகிறவனுக்கும் அல்லவா வேண்டும் என்று நானே கேட்டு நானே குழம்பினேன். உறியடிக் கயிறு இழுக்கிற தேவன், "ஹெல்மெட் மாட்டிக்கிட்டு அடிச்சா அதுல என்னக்கா குஷி இருக்கு?" என்றான். மனதுக்குள் அது சரியென்றே பட்டது. ஆனால் அதைக் கொண்டுபோய் அந்த மனிதரிடம் சொல்ல முடியுமா?

மூன்று மணிக்கு உறியடி தொடங்கியது. எங்கள் திடலில் முதல் அடி சிறப்பு விருந்தினருக்குத்தான். அது பல வருடத்து வழக்கம். கோயில் தலைவர் பத்துமலை அண்ணன் மைக்கில் சிவானந்தனின் பேரைச் சொல்லிவிட்டார். மறுப்பார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார் மனிதர். விருந்தாளிகளுக்குக் கிட்டத்தில் தெரியட்டும் என்று நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்கள். முன்வரிசை நடுவில் சாரதாதேவி, மடியில் வடைத் தட்டோடு.

கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி விட்டார்கள். வேறு யாராவது என்றால் அந்நேரம் திடலே அலறும். இந்தப் பக்கம் வாடா, அங்க எங்கடா போற, அடிடா என்று காது கிழியும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடிக்கிறவன் பானைக்கு வந்து சேருவான். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பெரிய மனிதரை யார் அதட்டுவது?

பத்துமலை அண்ணன் மட்டும் மைக்கில், "ஐயா அவர்கள் தயவுகூர்ந்து சற்று இடப்பக்கமாகத் திரும்பி வருமாறு..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஐயா நாலு எட்டு வைத்திருந்தார், நேராக நாற்காலிகளைப் பார்த்து. என் தொண்டைக்குள் 'நில்லு' என்று ஒரு சத்தம் வந்து நின்றது. சம்பந்தி ஆகப் போகிறவர். நான் அதட்டி, அவர் முகம் சுளித்து, அதனால் தம்பி கல்யாணம் நின்றுபோனால்? விழுங்கிவிட்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் மூடக்கூடாத நேரத்தில்.

அவர் கம்பை ஓங்கினார். சாரதாதேவி எழப் பார்த்தார், சேலை நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் ஓட்டத்தின் கடைசிச் சைக்கிள்காரனை அப்போதுதான் கொண்டுவந்து சேர்த்த என் தம்பி, சைக்கிளைப் போட்டது போட்டபடி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடிவந்து அந்த அம்மாவுக்கு முன்னால் தலையைக் கொடுத்தான். டங்கென்று ஒரு அடி. ஹெல்மெட் நடுவில் பிளந்தது. இவன் கீழே விழுந்த வடைத் தட்டின் மேலேயே உட்கார்ந்தான்.

"ஐயா, கம்பைக் கீழ வைங்க" என்றான், குவாரியில் சொல்கிற அதே குரலில்.

எனக்கு உயிரே போய்விட்டு வந்தது. அனுஜா ஓடிவந்து முதல் காரியமாக அவன் வாயைத் திறந்து பார்த்தாள். "பல்லெல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள். தலையில்தானே அடி விழுந்தது, பல்லை ஏன் பார்க்கிறாள் என்று யாரோ கேட்க, அழுதுகொண்டே சிரித்தாள். தலையில் ஒரு சின்ன வீக்கம்கூட இல்லை.

சிவானந்தன் கண்கட்டை இறக்கியதும் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு பிளந்த ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி அவரைப் பார்த்துத் திரும்பினான்.

"காலையில ஒன்னு கேட்டீங்களே ஐயா. காரணம்னு பெருசா ஒன்னும் இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்ன பத்துமலை அண்ணே சைக்கிள்லேர்ந்து விழுந்து தலையில ஏழு தையல். அன்னைலேர்ந்து சைக்கிளுக்கு ஹெல்மெட். உறியடியில இதுவரைக்கும் யாருக்கும் அடிபடல, அதனால யாரும் யோசிக்கல. நானும்தான். எங்க ஆபத்து இருக்குன்னு பாத்து நான் ஹெல்மெட் போடல. எங்க பயந்தேனோ அங்கதான் போட்டேன். என் வேலைக்கு இது வெக்கம்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். காரணம் கேட்ட மனிதரிடம் காரணமே இல்லை என்கிறானே மடையன்.

சிவானந்தன் அந்த விரிசலை விரலால் தடவினார்.

"முப்பத்தைஞ்சு வருசம் உத்தியோகம் பாத்தன். ஒவ்வொரு சட்டத்துக்கும் மூண்டு பக்கத்தில காரணம் எழுதித் தருவினம். இப்பிடி உள்ளதைச் சொன்ன ஒருத்தரையும் நான் காணேல்லை" என்றார். பிறகு எழுந்தார். "பானை இன்னும் உடையேல்லை. கண்ணைக் கட்டுங்கோ."

"எனக்கு முதல்ல ஒரு ஹெல்மெட் தாங்கோ" என்றார் சாரதாதேவி.

திடல் அதிர்ந்து சிரித்தது. சைக்கிள் ஹெல்மெட் போதவில்லை என்று ஆளாளுக்கு ஓடி மோட்டார் சைக்கிள்களில் தொங்கியதை எல்லாம் கொண்டுவந்தார்கள். நாற்காலிகள் பின்னால் போயின. முன்வரிசை முழுக்கப் பட்டுச்சேலையும் ஹெல்மெட்டும். விக்னேஸ்வரனுடைய முகம் மூடிய கறுப்பு ஹெல்மெட் எனக்குக் கிடைத்தது. சிவானந்தனும் ஒன்றை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினார்.

"எனக்கு ஒருத்தரும் மரியாதை தர வேண்டாம். மத்தவையளுக்குச் சத்தம் போடுற மாதிரிப் போடுங்கோ. உங்கட மரியாதையாலதான் நான் என்ர மனுசிக்கு அடிக்கப் போனனான்."

கேட்க வேண்டுமா. விழுங்கி வைத்திருந்த சத்தம் எல்லாவற்றையும் நான் கக்கினேன். "ஏய், அங்க எங்க போற? திரும்பு லா, இந்தப் பக்கம்." பத்துமலை அண்ணன் மைக்கையே தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினார். தேவன் கயிற்றை மேலும் கீழும் ஆட்டினான். அத்தனை கூச்சலுக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"நில்லு. ரெண்டடி முன்ன வா. இடது. கம்பைத் தூக்கு. அடி."

பானை தூள் தூளானது. மஞ்சள் தண்ணீர் அவர் ஹெல்மெட்டில் விழுந்து வேட்டி வரைக்கும் வழிந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். அவர் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, முகத்தைத் துடைக்காமலே கேட்டார்.

"ஆர் அது, எனக்கு 'அடி' எண்டு கட்டளை போட்டது?"

தம்பி ஒரு அடி முன்னால் வந்தான்.

"நான்தான் ஐயா. மன்னிச்சிருங்க."

"ஐயாவோ?" என்றார் சிவானந்தன். "இனி மாமா எண்டு கூப்பிடும்."

அனுஜா அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், இரண்டு ஹெல்மெட்டும் டக்கென்று முட்டிக்கொண்டன. தம்பி என்னைத் தேடி நாலு பக்கமும் பார்த்தான். நான் கையை மட்டும் ஆட்டினேன். ஒன்பது வயதிலிருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவன் முன்னால் ஒரு நாளும் நான் அழுததில்லை. அன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கழற்றிய பிறகும் நான் மட்டும் அந்தக் கறுப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.