இறால் விழுந்த பெட்டி

“இண்டைக்கு எத்தினை?”

“பதினொண்டு. ஒண்டு மட்டும் சிறிசு.”

“நேத்து ஒம்பதுதானே. வெடிப்புப் பெருத்திட்டுது போல.”

இன்ஷிரா இறால் கிடந்த கோப்பையோடு, கறி வைக்கக் குசினிக்குப் போனாள். காத்தான்குடியில், ஆற்றங்கரையோரம் வீட்டோடு ஒட்டிய பட்டறையில், அவளுடைய கணவன் மர்சூக் செய்து நிறுத்தியிருந்த ஸ்பீக்கர் பெட்டியின் இடது மூலையிலிருந்து, பாட்டுப் போடும்போதெல்லாம் உயிருள்ள இறால் விழுந்தது. முதல் நாள் உப்புத் தண்ணீர் மட்டுந்தான் கசிந்தது. மூன்றாம் நாள் ஒரு செல்வன் மீன் வந்தது. ஐந்தாம் நாளிலிருந்து இறால். பெரிய ஸ்பீக்கரின் அடித்தொனி எதிரில் இருப்பதைத் தன் பக்கம் இழுக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. மூட்டு இறுக்கமாக இருந்தால் இழுவை நேரே முன்னால் போகும். மூட்டு விட்டிருந்தால் வெடிப்பு வழியே ஆற்றில் உள்ளதெல்லாம் பெட்டிக்குள் வந்து சேரும்.

பெட்டியைச் செய்யச் சொன்னவன் குருமண்வெளிச் சுபாகரன். ஆனி மாதம் அவனுக்குக் கலியாணம். பெண் கலாஜினி ஆற்றுக்கு அந்தப் பக்கம், மண்டூரில்; கலியாணமும் அங்கேதான். அந்தப் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விட வேண்டும். அதை அவனுடைய தாய் பாலசுந்தரி முகம் கோணாமல் ஒத்துக்கொண்டாள். அவளுடைய சிக்கல் வேறு. தரையில் அவள் ஐம்பத்திரண்டு கிலோ. தண்ணீருக்கு மேலே போனால் பாரம் கூடிக்கொண்டே போகும். இரண்டு தோணிகள் விளிம்பு வரை தாழ்ந்தன. பட்டிருப்புப் பாலத்தில் ஒரு பஸ்ஸின் ஆறு டயர்களும் ஒன்றாகப் போயின. அதன்பின் சாரதிகள் அவளைக் கண்டால் மரியாதையாகக் கைகூப்பினார்கள். தொலைபேசியில் காட்டலாம் என்று சுபாகரன் சொன்னதற்கு, “கையகலக் கண்ணாடிக்குள்ள கலியாணம் பார்க்க நான் என்ன தொட்டி மீனா?” என்று கேட்டாள். மேளச் சத்தமாவது தன் வாசலுக்கு வந்து சேர வேண்டும் என்பதே அவள் கேட்டது.

மர்சூக் விட்ட பிழை அவனுக்கே தெரியும், ஆனால் ஒப்புக்கொள்ள ஒரு கிழமை எடுத்தது. பிளைவூட் பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, பசை முழுவதும் பிதுங்கி வெளியே வரும் வரை இறுக்கியிருந்தான். உள்ளே பிடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. போதாததற்குப் பலகையின் ஓரத்திலேயே திருகாணி முடுக்கியதில் அதன் அடுக்குகளும் பிளந்துபோயின.

“இஞ்சேருங்க, ஓரமும் ஓரமும் எவ்வளவு நேரந்தான் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கும்? உள்மூலையில ஒரு சட்டம் வைங்க, ரெண்டும் அதில சாயட்டும்.”

“உள்ளுக்கு இடம் குறையும், புள்ள.”

“இறாலுக்கு மட்டும் இடமிரிக்கி.”

மர்சூக் பெட்டியைக் கழற்றினான். பழைய பசையை மரம் தெரியும் வரை சுரண்டி, பிளந்த ஓரங்களை வெட்டியெறிந்தான். புது ஓரங்கள் குடிக்கிற அளவுக்கு முதலில் மெல்லிய பசைப் பூச்சு, அது காய்ந்தபின் இரண்டாவது. மூலைகள் எல்லாவற்றிலும் முழு நீளத்துக்கு ஓரங்குலச் சட்டம் ஒட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றோடொன்று முட்டாதபடி திருகாணி போட்டான். மரத்தூளைப் பசையில் குழைத்து இடுக்குகளை அடைத்தான். இரண்டு நாள் யாரையும் தொடவிடவில்லை. மூன்றாம் நாள் பாட்டுப் போட்டபோது இறால் விழவில்லை. இன்ஷிராவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஆனாலும் பக்கப் பலகைகள் அடித்தொனிக்கு மூச்சு வாங்கும் கன்னம்போல உப்பின. விட்டால் மூட்டு திரும்பவும் போகும். அப்போதுதான் கொம்பு வந்தது. கொம்புமுறி விளையாட்டில் வளைந்த இரண்டு மரக்கொம்புகளைக் கொளுவி, வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஒன்று முறியும் வரை விடமாட்டார்கள். சுபாகரன் வடசேரிக்காரன். கலாஜினியின் தகப்பன் வேலப்போடி தென்சேரி. ஆளுக்கொரு கொம்பு கொண்டுவந்தார்கள். மர்சூக் ஒன்றை இடது பலகையிலும் மற்றதை வலது பலகையிலும் பூட்டி, நடுவில் கொளுவினான். பலகைகள் விலகப் பார்த்தால் கொம்புகள் இன்னும் இறுகும்.

“உங்கட கொம்பு முறிஞ்சா பந்தியில சோறில்ல, மருமகன்.”

“ரெண்டும் முறியாட்டி, மாமா?”

“அப்பிடியொரு விளையாட்டு இல்ல.”

கலியாணத்தன்று பெட்டி மண்டூர்க் கரையில் குருமண்வெளியைப் பார்த்து நின்றது. தவிலின் முதல் அடி விழுந்தது. கொம்புகள் கிறீச்சிட்டு இறுகின, முறியவில்லை. மூட்டு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. போக வேறு வழியில்லாததால் இழுவை முழுவதும் நேரே முன்னால் போனது. எதிர்க்கரை மெதுவாகக் கிளம்பி வந்தது. தென்னைகள், கட்டியிருந்த ஒரு பசு, இரண்டு தோணிகள், தன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த பாலசுந்தரி எல்லாம் அந்த வரிசையிலேயே வந்தன. ஆறு ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கியது. பாலசுந்தரி எழுந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கி, ஓரெட்டு வைத்தாள். பாரம் கூடுவதற்கு அந்தத் தண்ணீர் போதவில்லை. தாலி கட்டும்போது அவள் மகனுக்குப் பக்கத்தில் நின்றாள். பாயாசம் மூன்று தரம் வாங்கிக் குடித்தாள். வேலப்போடி வடசேரியாருக்குத் தன் கையாலேயே சோறு போட்டார். ஒடுங்கின தண்ணீரில் இறால் நெருங்கிப்போய்க் கூடையால் அள்ளும்படி கிடந்ததால் அன்று களுவாஞ்சிக்குடிச் சந்தையில் அதன் விலை பாதியாக இறங்கியது.

பின்னேரம் நாலு மணிக்கு, கடைசிப் பாட்டு ஓடும்போது, கரை திரும்பிப் போகுமுன், பாலசுந்தரி வெற்றிலைச் சரையோடு புறப்பட்டாள். ஒரு கால் குருமண்வெளியிலும் ஒரு கால் மண்டூரிலுமாக நின்று மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“கலாஜினி மனே, வெள்ளிக்கிழமையிலயும் ஒரு பாட்டுப் போடுவியா? நீட்டுப் பாட்டா ஒண்டு.”