ஒரு நேரத்தில் ஒன்று

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. அவனியாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கனகலட்சுமியைப் பார்த்துத் திருடியது. "எழுதிக்கங்கண்ணே, பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மதுரை வெயில் உருகி வழிந்த ஒரு பிற்பகலில், அவளுடைய திரை…' வேண்டாம். அவள் வீட்டில் ஏசி ஓடியது.

2

கனகலட்சுமி கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் லேத் ஓட்டுகிறாள். அண்ணன் பேயாண்டியோடு நான்கு வருடமாகப் பேச்சில்லை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்காமல், வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டாள். (இதற்கா இம்புட்டுக் கோபம் என்பவர்கள் எங்கள் பக்கம் சம்பந்தம் செய்ததில்லை.)

நாளை, ஞாயிற்றுக்கிழமை, மகள் பவதாரிணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இந்த முறை தட்டோடு போனாள். அண்ணன் இல்லை, அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "நம்ம கட்டுன ஊரு இன்னும் இருக்கா?"

பள்ளி நாட்களில் இருவரும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் கட்டிய ஊர் அது. அண்ணன் முதலில் கண்மாய் வெட்டினான், பிறகுதான் தெரு. அந்த ஃபைலை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். புது லேப்டாப்பில் விளையாட்டு தொடங்கும். ஊரைத் திறந்தால் பொசுக்கென்று மூடிக்கொள்ளும்.

3

நானாக இருந்தால் லேப்டாப்பை நாலு தட்டு தட்டியிருப்பேன். அவள் நோட்டை எடுத்தாள். திரை அளவைக் குறைத்தாள், மூடியது, எழுதினாள், பழையபடி வைத்தாள். பழைய விண்டோஸ்போல ஓடச் சொன்னாள், மூடியது, எழுதினாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்திப் பாரேன்மா."

"ரெண்ட மாத்துனா எதுனால சரியாச்சுன்னு எப்புடிண்ணே தெரியும்? ஒரு நேரத்துல ஒண்ணுதான்."

'இங்கே அவள் கண்களில் நீர்…' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. பதினோரு தோல்விகளை அத்தனை அழகான கையெழுத்தில் எழுதியவளை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பன்னிரண்டாவது வரியில் பிடித்தாள். லேப்டாப் வாங்கிய அன்று, பயனர் பெயராக மகள் பெயரை ஆசையாகத் தமிழிலேயே அடித்திருந்தாள். ஊர் இருந்தது அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள். அந்தக் காலத்து விளையாட்டுக்குத் தமிழெழுத்து தெரியாது; வழி தெரியாமல் விழுந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் புதுப் பயனரைத் தொடங்கினாள். பெயர் கேட்டது. யோசிக்காமல் அண்ணன் பெயரை அடித்தாள். ஊர் ஃபைலை அதற்குள் நகர்த்தினாள்.

ஊர் திறந்தது. கண்மாய் நிறையத் தண்ணீர்.

படம் எடுத்து அனுப்பினாள்: "இருக்குண்ணே. வா." நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

4

நாளைக் காலையை இன்றே எழுதிப் பார்க்கிறேன். ஆசாரி ஊசியோடு தயாராக இருக்கிறார். பவதாரிணி பட்டுப்பாவாடையில் நிற்கிறாள். வாசலில் பைக் சத்தம் கேட்கிறது—

இங்கேதான் என் கதை ஒவ்வொரு முறையும் மூடிக்கொள்கிறது. பேயாண்டி சீரோடு இறங்கினான் என்று எழுதினால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வேறு யாரோ வந்தார்கள் என்று எழுதக் கை வரவில்லை. கனகலட்சுமி முறைப்படி ஒவ்வொன்றாக மாற்றினேன்: வண்டியை, நேரத்தை, அவன் முதலில் சொல்லும் வார்த்தையை. நோட்டில் பதினோரு வரி ஆகிவிட்டது.

இன்னும் மாற்றிப் பார்க்காதது எழுதுகிறவனை மட்டும்தான். எழுந்துவிட்டேன், நீங்கள் உட்காருங்கள். பைக் நின்றுவிட்டது. பிள்ளை இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.