பன்னிரண்டாம் நம்பரின் கன்று

அந்த மார்ச் மாதம் வடக்கு டகோட்டாவில் அடித்த குளிரில் ஹால்வரின் நிழல் தரையோடு உறைந்துபோனது. காலை உதறிப் பிய்த்துக்கொண்டுதான் அவர் நடக்க வேண்டியிருந்தது. முட்டையைச் சுத்தியலால் உடைத்தார்கள். மாடுகளோ இந்தக் குளிருக்காகவே ஒன்பது மாதம் காத்திருந்தவை போல வரிசையாகக் கன்று போட்டன.

அன்று காலை போட்டது பன்னிரண்டாம் நம்பர். காதில் மாட்டிய நம்பர்தான் அங்கே மாட்டுக்குப் பெயர்.

"கன்னுக்குட்டிய உள்ள தூக்கிட்டு வாங்க, அடுப்பு பக்கத்துல போடலாம்" என்றாள் மனைவி பெரித்.

"வீடு மனுஷங்களுக்கு, பெரித். மாட்டுக்குத்தான் கொட்டகை கட்டியிருக்கேன்ல."

"அதுக்குச் சுவரு மூணுதான் இருக்கு."

"எங்கப்பா காலத்துல ஒண்ணுகூட இல்ல."

மதியத்துக்குள் கன்று விறைத்துச் செத்துப் பலகையாகிவிட்டது. ஹால்வர் அதைக் கொண்டுபோய் விறகுக் குவியலில் சாத்தினார். டொக்கென்று விறகுச் சத்தமே கேட்டது. பன்னிரண்டாம் நம்பர் பால் கட்டிய மடியோடு விறகைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றது.

அந்தச் சத்தம் காதில் விழாத ஒரே இடம் குளியலறை. ஹால்வர் தொட்டியில் வெந்நீரை நிரப்பி, மூட்டுவலித் தைலத்தில் அரைப் புட்டியைக் கவிழ்த்து, கழுத்துவரை இறங்கினார். கதவு காலால் உதைபட்டுத் திறந்தது. நாற்பது கிலோ கன்றைப் பூனைக்குட்டி போலத் தூக்கிக்கொண்டு பெரித் நின்றாள்.

"நாப்பத்தேழாம் நம்பரோடது. எந்திரிங்க."

"நானே இப்பத்தான் உள்ள இறங்கினேன்."

"டாங்க்ல இருந்ததே இந்த ஒரு தொட்டி வெந்நீர்தான். உங்கள விட்டா வேற புருஷன் கிடைப்பான். இந்த வருஷம் வேற கன்னுக்குட்டி கிடைக்காது."

ஹால்வர் ஈரத் தலையோடு வெளியேறினார். கன்று தொட்டிக்குள் போனது. கால்மணி நேரத்தில் அதன் நாக்கில் சிவப்பு திரும்பியது. பெரித்தின் கல்யாணத் துண்டுகள் ஏழும் அதைத் துவட்டிக் கறுத்தன.

கன்றைத் தாயிடம் கொண்டுபோனார்கள். நாற்பத்தேழாம் நம்பர் முகர்ந்தது. இன்னொரு முறை முகர்ந்தது. பிறகு கன்றைச் சுவரோடு முட்டித் தள்ளியது. எழுந்து வந்ததை உதைத்தது.

"தைலம்" என்றாள் பெரித். "உங்க வாடை அடிக்குது."

நாற்பத்தேழுக்கு ஹால்வரைக் கண்டால் ஆகாது. அவர் அதற்குச் சூட்டுக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, அதைத் திருத்த இன்னொரு முறை சுட்டவர்.

மறுபடி குளிப்பாட்ட வெந்நீர் இல்லை. பால் புட்டியின் ரப்பரைக் கன்று கடித்துத் துப்பியது. இருட்டுவதற்குள் சீம்பால் வயிற்றில் இறங்காவிட்டால் இதுவும் விறகுதான்.

பெரித் கத்தியை நீட்டினாள். "பன்னெண்டாம் நம்பரோட செத்த கன்னுத் தோல இதுக்குப் போத்தி, அதுகிட்ட விடலாம்."

"தோல் உரிக்கிற அளவுக்கு அது இளகணுமே" என்றார் ஹால்வர், விறகுக் குவியலைப் பார்க்காமல்.

"அதுக்குத்தான் அடுப்பு எரியுது. இப்ப உள்ள தூக்கிட்டு வாங்க."

காலையில் வாசலைத் தாண்டாத கன்று இப்போது அடுப்பருகே படுத்தது. பனி உருகி அதன் இமை ஒன்று தானாகத் திறந்தது. பெரித் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே புருஷன் உரிப்பதை மேற்பார்வை பார்த்தாள். "வாலை விட்டுடாதீங்க. தாய் அங்கதான் முதல்ல மோந்து பாக்கும்."

தோலில் கால் நுழைய நாலு ஓட்டை போட்டு, உயிருள்ள கன்றுக்கு மாட்டி, வைக்கோல் கயிற்றால் வயிற்றில் கட்டினார்கள். இரண்டு வாலோடு அது தள்ளாடி நடந்தது.

பன்னிரண்டாம் நம்பர் கத்துவதை நிறுத்தியது. செத்த வாலை முகர்ந்தது. நெடுநேரம் முகர்ந்தது. பிறகு அடித்தொண்டையில் ஏதோ முனகிவிட்டு, தன் பிள்ளையின் தோலை நக்கத் தொடங்கியது. கீழே, யாருடையதோ ஒரு வாய் அதன் காம்பைப் பற்றிக்கொண்டது. வேலிக்கு அப்பால் நாற்பத்தேழாம் நம்பர் வைக்கோல் மென்றது.

ஹால்வர் நின்று பார்த்தார். ஈரத்தோடு வந்த தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. தொட்டால் கிண்கிணியாய் ஒலிக்கும். காதின் நுனியில் உணர்ச்சி இல்லை. அந்த நுனி ஏப்ரலில் கறுத்து உதிர்ந்தது. கன்றுக்குக் காது இரண்டும் பத்திரம்.

வீட்டுக்குத் திரும்பினால் தொட்டித் தண்ணீர் ஆறிக் கிடந்தது. அடுப்பருகே தோலில்லாத சிவப்பு உடம்பு லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பெரித் மேசையில் ஒரே ஒரு தட்டு வைத்திருந்தாள்.

"எனக்கு?"

"வீடு மனுஷங்களுக்குன்னு சொன்னீங்களே" என்றாள். "மொதல்ல அடுப்புக்கிட்ட கிடக்கிறவனைத் தூக்கிட்டுப் போய் வெளிய விடுங்க. அப்புறம் நீங்க யாருன்னு பாப்போம்."

இந்த முறை ஹால்வர் அதை விறகில் சாத்தவில்லை. மார்போடு அணைத்துக் கொண்டுபோனார். வெதுவெதுப்பாக இருந்தது.