சாவியை வாங்க ஒரு கை

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது பிரசவ விடுப்புக் கதையாக இருந்திருக்கவே கூடாது. வார இதழ்காரர்கள் கேட்டது வங்கிக் கொள்ளை. பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று மேனேஜரிடம், மற்றது கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். கேஷியரை மிரட்டிச் சாவியைப் பிடுங்க வேண்டும். முதல் வரியும் தயார்:

‘அவள் பின்கழுத்தில் சில்லென்று ஏதோ...’

அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குள் கேஷியர் திரும்பிவிட்டாள், வயிறு முதலில் திரும்பியது. நிறைமாதம். நான் அப்படி எழுதவே இல்லை.

2
நிறைமாதக்காரிக்குக் கவுண்டரில் என்ன வேலை? நீங்கள் கேட்பதற்குள் அவளை மேனேஜரிடம் அனுப்பினேன்.

“லீவு உங்க உரிமை மேடம். சம்பளத்தோட போய்ட்டு வாங்க. யாரு தடுத்தா?”

“அப்ப கிளம்பட்டுமா சார்?”

“தாராளமா. சாவிய மட்டும் யார்கிட்டயாவது ஒப்படைச்சிடுங்க.”

“நீங்களே வாங்கிக்கோங்களேன்.”

“ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாதும்மா. விதி!”

கிளார்க்குக்குத் திடீரென்று முதுகுவலி. கடன் பிரிவுக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். (மறுமுனையில் யாரும் இல்லை. எனக்குத் தெரியாதா?) எல்லோரும் வாழ்த்தினார்கள். கையை மட்டும் யாரும் நீட்டவில்லை.

(மேனேஜரை ரொம்பக் கல்நெஞ்சக்காரராக்கிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. அதனால் அவளுக்கு ஒரு மெத்தை நாற்காலி போடவைத்தேன். அதையும் கவுண்டருக்குப் பின்னால்தான் போட்டார்.)

3
வேறு வழியில்லை. கொள்ளைக்காரனை இறக்கினேன். முகமூடி, துப்பாக்கி, எல்லாம் கச்சிதம்.

“சாவிய எடு!”

அவள் முகம் மலர்ந்தது. “இந்தாப்பா! காலைல எல்லாருக்கும் முன்னாடி வந்துடணும். கணக்கு நேராகாம கிளம்பக் கூடாது.”

“என்னது?”

“உடம்பு முடியலைன்னாலும் அப்படியே போயிட முடியாது. சாவிய வாங்க ஆள் வேணும்.”

துப்பாக்கி தாழ்ந்தது. “எத்தன நாளைக்கு?”

“நான் பிள்ளையப் பெத்துத் தேறி வர்ற வரைக்கும்.”

“ஆள விடுக்கா! நான் ஒரு நாள் வேலைக்கு வந்தவன். என் பொண்டாட்டிக்கும் இதான் மாசம். நான் பக்கத்துல இருக்க வேணாமா?”

மேசைக்கு அடியிலிருந்து மேனேஜர் தலையை நீட்டினார். “வாங்கிக்கப்பா. பென்ஷன் உண்டு.”

ஓடியே போனான். துப்பாக்கியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

4
முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

மேனேஜர் மனம் திருந்தி... (மாட்டார். அவரைப் படைத்தவன் நான்.)

அவள் சாவியை வீசிவிட்டு நடக்கிறாள். (எனக்குப் பிடித்த முடிவு. அவளுக்குப் பிடிக்கவில்லை. “வேலை போயிடும் சார். அப்புறம் குழந்தைய யாரு வளர்ப்பா, நீங்களா?”)

சாவியோடு பிரசவ அறைக்குப் போகிறாள். பின்னாலேயே மேனேஜர், அவருக்குப் பின்னால் பணம் எடுக்க வந்தவர்களின் வரிசை...

அதற்குள் அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துவிட்டாள்.

“சார், வலி வந்துடுச்சு. நீங்களாவது வாங்கிக்கோங்க.”

“நானாம்மா? அச்சுக்குப் போக வேண்டிய அத்தியாயம் பாக்கி இருக்கே...”

“சரி, அவங்க?”

உங்களைத்தான் பார்க்கிறாள். சாவி நீட்டியபடியே இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறீர்களே, அந்த இரண்டு கைகளில் ஒன்று போதும்.